பெரிய மடுவைப் பார்க்கத் தேர்வாய் கண்டிகை போனோம்

போனவர்கள்: நான், ஏழுமலை, மேலக்குப்பம். முனுசாமி மாமா, கீழக்குப்பம். என் தங்கச்சி கலா. பிறந்தது மேலக்குப்பம், கட்டிக்கொடுத்தது கீழக்குப்பத்தில், முனுசாமி மாமாவின் பெரிய பையனுக்கு. அப்புறம் காசிம் பாய், பழவேற்காடு பஜாரில் இறால் வாங்கி அனுப்புகிறவர். இரண்டு குப்பமும் அவருக்குத்தான் இறால் போடுகிறது. அதனால் அவர் பொது ஆள்.

ஏன் போனோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏரியில் இறால் ஓடும் இடத்துக்குப் பாடு என்று பெயர். கோயிலில் சீட்டுப் போட்டு, எந்தப் பாட்டில் யார் எப்போது வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்வோம். இருக்கிற பாட்டிலேயே நல்லது பெரிய மடு. ஆழம் இருப்பதால் இறால் அங்கேதான் தங்கும். அது எங்களுடையது என்று நாங்கள் சொல்கிறோம். அவர்களுடையது என்று கீழக்குப்பம் சொல்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் சண்டை முற்றியது. என் மண்டையில் தையல் போட்டார்கள். மாமாவின் படகு உடைந்தது. இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடி, மடுவின் நடுவில் ஒரு கம்பு நட்டு வேப்பிலை கட்டினார்கள். வேப்பிலை கட்டிய பாட்டில் யாரும் கழி ஊன்றக் கூடாது. படகு சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். யாரும் மீறவில்லை.

அந்த வருஷச் சீட்டில் பெரிய மடுவின் முதல் முறை என் பெயருக்கு வந்திருந்தது. புது வலை வாங்கியிருந்தேன். அது இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது. நான் இன்னொருவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் பழவேற்காட்டில் வெள்ளைக்காரர் கல்லறைகளைப் படம் எடுக்க ஒரு அம்மா வந்தார். பழைய காகிதங்களைச் சேர்த்து வைக்கும் நூலகத்தில் வேலை. உங்கள் ஏரியின் பழைய வரைபடம் ஒன்று எங்களிடம் இருக்கிறது, கப்பலில் வந்தவர்கள் போட்டது என்றார். அவ்வளவுதான். இரண்டு ஊரும் கூடியது. படத்தில் மடுவுக்குப் பக்கத்தில் எந்தக் குப்பம் இருக்கிறதோ, பாடு அந்தக் குப்பத்துக்கு. அப்படி முடிவானது.

பாடு விஷயத்தில் ஒரு பக்கம் மட்டும் தனியாக எதையும் பார்க்கக் கூடாது. பார்த்தால் அந்தப் பக்கத்தின் பேச்சு செல்லாது. போகிறவர்கள் சேர்ந்தே போக வேண்டும். திரும்பும்வரை ஒரே அடுப்புச் சோறு. இது எங்கள் வழக்கம். அதனால்தான் என் மண்டையை உடைத்தவர்களின் ஆளும் நானும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து பொன்னேரி போனோம். ஜன்னல் ஓரம் மாமாவுக்கு.

நூலகம் மெட்ராஸில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மழைத் தண்ணீர் புகுந்ததால் அங்கிருந்து எடுத்து, தேர்வாய் கண்டிகை கம்பெனிகளுக்கு நடுவில் வைத்துவிட்டார்களாம். காகிதத்தை ஏன் கம்பெனிக்குள் வைக்க வேண்டும் என்று பாயைக் கேட்டேன். "மேடான எடம் ஏழுமல. இன்னா கேள்வி கேக்கற நீ" என்றார்.

பொன்னேரியில் ரயில் ஏறினோம். கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் எனக்குத் திசை போய்விட்டது. ஏரியில் காற்றை வைத்துத் திசை சொல்வேன். அங்கே காற்று எல்லாப் பக்கமும் லாரிப் புகையாக இருந்தது. ஸ்டேஷன் வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் இந்தி பேசினார்கள். டீக்கடைப் பலகையிலும் இந்தி. வடைக்குப் பதில் சமோசா. ஊரைவிட்டு இவ்வளவு கிட்டத்தில் இன்னொரு தேசம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒரு வெள்ளை பஸ் நின்றது. "தேர்வாயா?" என்று கேட்டேன். டிரைவர் தலையாட்டினார். ஏறினோம். டிக்கெட் கேட்கவே இல்லை.

"ஃப்ரீ பஸ்ஸு போல" என்றார் மாமா.

"லேடீஸ்க்குத்தான் மாமா ஃப்ரீ" என்றாள் கலா. "நீங்க தலைல முக்காடு போட்டுக்கோங்க."

பஸ் ஒரு கம்பெனி கேட்டுக்குள் நேராகப் போய் நின்றது. இறங்கச் சொன்னார்கள். இறங்கினோம். வரிசையில் நிற்கச் சொன்னார்கள். நின்றோம். ஒருத்தன் வந்து எங்கள் தலையில் மஞ்சள் தொப்பி மாட்டிக்கொண்டே போனான். நூலகத்தில் மண்டைக்கு எதற்குப் பாதுகாப்பு என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் விஷயம் தெரிந்து போட்டுவிடுகிறார்களோ என்றுகூட நினைத்தேன்.

மாமா தொப்பியைத் தட்டிப் பார்த்தார். "அன்னிக்கே இத்தப் போட்டுக்கினு வந்திருந்தா உனுக்குத் தையல் மிச்சம்" என்றார்.

நான் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

சூப்பர்வைசர் வந்து எண்ணினான். நாலு ஆள் அதிகம் என்று கத்தினான். பாய்க்கு உருது வரும். அவர் போய்ப் பேசினார். அவன் எங்களைப் பார்த்தான், எங்கள் லுங்கியைப் பார்த்தான், தலையில் கை வைத்துக்கொண்டான். அது கம்பெனி பஸ்ஸாம். வேலைக்கு ஆள் ஏற்றுகிற பஸ். திரும்ப மதியம்தான் வண்டி போகுமாம். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம்.

அங்கே ஒரு பீகார்ப் பையன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இரவு ஷிப்ட் முடித்தவன். பெயர் ராம்பாபு. எங்களைப் பார்த்துவிட்டு டப்பாவை நீட்டினான். ரொட்டி, உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய். ஒரே அடுப்புச் சோறுதானே என்று நாலு பேரும் பிய்த்துக்கொண்டோம். ரொட்டி நன்றாக இருந்தது. உருளைக்கிழங்கில் கடுகெண்ணெய் வாசனை. மாமா மிளகாயை மட்டும் தின்றார்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். பாய் சொன்னார். பையன் சிரித்துவிட்டு நிறையப் பேசினான்.

"இன்னா சொல்றான்?" என்றார் மாமா.

"இவன் ஊரு ஆத்தங்கரைல கீதாம். வருசா வருசம் ஆறு இந்தப் பக்கத்து நெலத்தத் தின்னுட்டு அந்தப் பக்கம் துப்புதாம். துப்புன நெலம் யாருதுன்னு இவங்க பெரியப்பனுக்கும் சித்தப்பனுக்கும் வெட்டுக் குத்தாம்."

"யாரு ஜெயிச்சா, கேளு."

பாய் கேட்டார். பையன் கம்பெனிப் பக்கம் கை காட்டினான்.

"ரெண்டு பேரும் உள்ளதான் வேல பாக்கறாங்களாம். ஒரே ஷிப்ட்டு."

மாமா மிளகாய்க் காம்பைத் தூக்கிப் போட்டார்.

மதிய வண்டிக்குக் காத்திருக்காமல் நூலகத்தைத் தேடி நடந்து போனோம். எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி. எல்லா ரோடும் ஒரே மாதிரி. கேட்ட இடத்தில் எல்லாம் வேறு வேறு வழி சொன்னார்கள். ஒரு பக்கம் பெயின்ட் டப்பா கம்பெனி, இன்னொரு பக்கம் அட்டைப்பெட்டிக் கம்பெனி, நடுவில் ஜன்னலே இல்லாத வெள்ளைக் கட்டடம். அதுதான் நூலகம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு வாருங்கள் என்றார் வாட்ச்மேன்.

கும்மிடிப்பூண்டியில் பாயின் சின்னம்மா வீட்டில் தங்கினோம். மீன்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று அந்த அம்மா ஆசையாக மீன் குழம்பு வைத்தார். ஐஸ் மீன். மாமா ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இரண்டு வருஷத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். இருவரும் முழுக்கச் சாப்பிட்டோம்.

மறுநாள் நாஷ்டா இடியாப்பம், தேங்காய்ப்பால். ஷேர் ஆட்டோவில் போனோம். டிரைவரிடம் கலா இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் ஏறவிட்டாள்.

வாட்ச்மேன் எங்களைச் சோதித்தார். பாயிடம் பேனா எடுத்தார். உள்ளே பென்சில்தான் ஆகுமாம். என் பீடிக்கட்டை வாங்கினார். மாமாவின் இடுப்பு மடியைத் தொட்டுப் பார்த்தவர் பின்னால் நகர்ந்தார். உள்ளே கற்பூரம், தீப்பெட்டி, வேப்பிலை.

"இன்னாய்யா இது? கொளுத்த வந்தியா?"

"கொளுத்தத்தான்" என்றார் மாமா. "பாடு பிரிக்கறதுன்னா கற்பூரம் ஏத்திட்டுத்தான் பாக்கணும்."

வாட்ச்மேன் போனை எடுத்துவிட்டார். நல்லவேளை, கல்லறைக்கு வந்த அந்த அம்மா வெளியே வந்தார். மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். உள்ளே இருப்பது எல்லாம் பழைய காகிதம், பொறி பட்டால் போச்சு என்று அவர் பொறுமையாகச் சொன்னார். கடைசியில் வெளியே ரோட்டோரம் கற்பூரம் ஏற்றினோம். நாலு பேரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துப் போனார்கள். மேடமும் ஒற்றிக்கொண்டார்.

வாசலில் பெயர், ஊர், எந்த நிறுவனம் என்று எழுதச் சொன்னார்கள். நிறுவனம் என்ற இடத்தில் கலா ஏரி என்று எழுதினாள்.

கை கழுவச் சொன்னார்கள். கழுவினோம். மேடம் மோந்து பார்க்காமலே இன்னொரு தடவை கழுவச் சொன்னார்.

உள்ளே குளிர் எலும்பில் ஏறியது. பாய் மட்டும் முகம் மலர்ந்தார். "ஐஸ் பிளான்ட்டு மாதிரி கீது. இங்க இறால் வெச்சா ஒரு மாசம் கெடாது."

"காகிதமும் கெடக் கூடாதுன்னுதான் பாய்" என்றார் மேடம்.

படத்தை எடுத்து வர நேரமாகும் என்று மற்றதைக் காட்டினார். பனையோலைக் கட்டுகள். கண்ணாடியில் எடுத்த போட்டோ. வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைச் சட்டைக்காரன் கறுப்பாகத் தெரிந்தான். மூடிப்போன மில் ஒன்றின் வரைபடங்கள். ஒரு பெண் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, பூச்சி தின்ற தாளை மெல்லிய பிரஷ்ஷால் தடவிக்கொண்டிருந்தாள். நாங்கள் போனபோதும் அதே தாள். திரும்பும்போதும் அதே தாள். யார் படிப்பதற்கு என்று கேட்டேன். இன்னும் யாரும் கேட்டு வரவில்லை என்றாள். வராதவனுக்காக இவ்வளவு குளிரில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் புரியவில்லை.

பாய் ஒரு புத்தகத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். அரபு எழுத்து. வாய்க்குள் படித்தார். அப்புறம் சத்தமாகவே சிரித்தார்.

"ஏழுமல, எழுத்து அரபு. பேச்சு நம்ம தமிழு. காய்ச்சலுக்கு சீரகம் வறுத்துப் போடச் சொல்லுது."

"இதுக்கா இத்தினி குளுரு?" என்றார் மாமா.

படம் வந்தது. இரண்டு பேர் பெரிய தட்டில் வைத்து, தூக்கம் கலையாத குழந்தையைப் போலத் தூக்கி வந்தார்கள். மேஜையில் இறக்கினார்கள். கலா என் பக்கத்தில் வந்து நின்றாள். அப்புறம் மாமாவைப் பார்த்துவிட்டு நடுவில் போய் நின்றாள்.

பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. பழுப்புத் தாள், கோடுகள், கோழிக்கால் மாதிரி எழுத்து. கப்பல் மட்டும் தெரிந்தது. கப்பல் தாளின் அடியில் இருந்தது. கடல் கீழே, கரை மேலே.

"கடலு எப்டி மேடம் கீழ போவும்?" என்றார் மாமா.

அவர்கள் கப்பலில் இருந்து பார்த்து வரைந்தார்கள், அதனால் கரை மேலே இருக்கிறது என்றார் மேடம். கிழக்கு கீழே, மேற்கு மேலே.

"கொஞ்சம் திருப்பி வைங்க."

அடிக்கடி திருப்பினால் தாள் தாங்காது என்றார். தாள் திரும்பாவிட்டால் நாம் திரும்பலாம் என்று மாமா மேஜையைச் சுற்றி நடந்தார். அவர் தனியாகப் பார்க்கக் கூடாதே. நான் பின்னால் நடந்தேன். கலாவும் பாயும் வந்தார்கள். நாலு பேரும் மேஜையைச் சுற்றினோம். அறையில் படித்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார்.

குளிரில் மாமாவுக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. அவர் இல்லாதபோது நாங்கள் பார்க்கக் கூடாது. நாலு பேரும் வெளியே போனோம். அவர் வந்ததும் நாலு பேரும் உள்ளே வந்தோம். கொஞ்ச நேரத்தில் பாய்க்கு வந்தது. அவர் பொது ஆள். அவர் இல்லாமலும் பார்க்கக் கூடாது. மறுபடி எல்லோரும் போனோம்.

"ஏதாவது பிரச்சனையா?" என்றார் மேடம்.

"இல்ல மேடம், ரூல்ஸு" என்றாள் கலா. "உங்க ரூல்ஸ் உங்குளுக்கு, எங்க ரூல்ஸ் எங்குளுக்கு."

மேடம் எழுத்தைப் படித்துச் சொன்னார். இது கோட்டை. இது பழவேற்காடு. இது முகத்துவாரம். எங்கள் கரைப் பக்கம் வந்தார். நானும் மாமாவும் குனிந்து பார்த்தோம். மேலக்குப்பம் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகள். கீழக்குப்பம் இருக்க வேண்டிய இடத்திலும் புள்ளிகள். நடுவில் ஒரு வார்த்தை எழுதியிருந்தது.

"அது இன்னா எழுதிக்கீது மேடம்?"

"மணல்."

"மணலா?"

"இரண்டு பக்கமும் மணல்தான். ஊர் எதுவும் போடலை."

மாமா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "என் ஊட்டு மேல மணல்னு எழுதி வெச்சிட்டுப் போய்க்கீறான்" என்றார். "நாம அப்ப இல்லியா, இல்ல கப்பக்காரன் கண்ணுக்குத் தெரியலியா?"

"ரெண்டுல எதுன்னு தாளைப் பார்த்துச் சொல்ல முடியாதுங்க" என்றார் மேடம்.

"எனுக்குப் பொறந்த ஊடும் இல்ல, புகுந்த ஊடும் இல்ல" என்றாள் கலா. சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

யாருக்கும் இல்லை என்றால் எப்படி முடிவு செய்வது? ஊரில் போய் என்ன சொல்வது? தையல் போட்ட இடம் குளிரில் வலித்தது.

அப்போதுதான் எண்களைப் பார்த்தேன். தண்ணீர் இருந்த இடம் முழுக்கச் சின்னச் சின்ன எண்கள். அது மட்டும் எனக்குப் படிக்க வந்தது. அந்தக் காலத்து ஆட்கள் கயிறு விட்டுப் பார்த்த ஆழம் அது, அவர்கள் அடிக்கணக்கு நம் அடிக்குக் கிட்டத்தட்ட சரியாக வரும் என்றார் மேடம்.

"மடு எங்க?" என்றார் பாய். "படத்துல பேரு இல்லன்னா போவுது. நீங்க காட்டுங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கை வைக்கணும். டபாய்க்கக் கூடாது."

தொடாதீர்கள் என்றார் மேடம். தாளுக்கு மேலே விரலை நீட்டினோம். கோட்டையில் இருந்து வரும் ஓடை திரும்பும் இடம், திட்டுக்கு வடக்கே. என் விரலும் மாமாவின் விரலும் இடித்துக்கொண்டன. அது நாங்கள் ஒத்துப்போன இரண்டாவது விஷயம்.

விரலுக்குக் கீழே ஒன்பது என்று இருந்தது.

"ஒம்போது அடி" என்றார் மாமா. "பெரிய மடுன்னு சும்மாவா பேரு வெச்சான்?" படம் அவருக்குப் பாட்டைக் கொடுக்கவில்லை. ஆனாலும் முகம் பெருமையாக இருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

கலா போனில் படம் எடுத்துக்கொண்டாள். வாட்ச்மேன் பீடியையும் வேப்பிலையையும் திருப்பிக் கொடுத்தார். தீப்பெட்டியைக் கடைசி வரை கொடுக்கவில்லை.

திரும்பும் ரயிலில் கவரைப்பேட்டை தாண்டியதும் பாய் கேட்டார்.

"அப்ப ஒம்போது. இப்ப எவ்ளோ?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் கடைசியாக அங்கே நின்றபோது தண்ணீர் கழுத்துக்கு இருந்தது. மண்டை உடைந்த நாள் அது. அப்புறம் வேப்பிலை கட்டியாகிவிட்டது. இரண்டு மழை போய்விட்டது. போன வருஷப் புயலில் முகத்துவாரம் அடைத்துக்கொண்டது. இரண்டு வருஷமாக அந்த இடத்தில் யாரும் கழி ஊன்றவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

"அதெல்லாம் கீது" என்றார் மாமா. "மடு எங்க பூடும்?"

அடுத்த நாள் காலையில் இரண்டு குப்பமும் கரையில் கூடியது. பாய் ஒரு மூங்கில் கழியில் அடிக்கு ஒன்றாக ஒன்பது கயிற்றுக் கட்டுக் கட்டிக் கொண்டுவந்தார். நான் கூலிக்குப் போகும் படகில் நானும் மாமாவும் பாயும் ஏறினோம். கலா கரையிலேயே நின்றாள்.

பாதி வழியில் மாமா வாயைத் திறந்தார்.

"படத்துல ரெண்டு பேரும் இல்ல. அப்ப ரெண்டு பேருக்கும் கீதுன்னுதான் அர்த்தம். நேத்து பெரியவங்க கைல பேசிட்டேன். ஒரு வருசம் நீங்க, ஒரு வருசம் நாங்க. மொத வருசம் உங்குளுது. மொத முற உன்து. சீட்டு உன் பேருக்குத்தான வந்துது."

"சரி மாமா" என்றேன்.

"புது வலையாமே?"

"ஆமா."

"கட்டு. நல்லா கட்டு." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். "கலாவ நாளைக்கு ஊட்டுக்கு அனுப்பறேன். உங்க அம்மா பாத்து எத்தினி மாசம் ஆச்சு."

கழியை ஊன்றித் தள்ளினேன்.

வேப்பிலைக் கம்பு தெரிந்தது. இலை எப்போதோ உதிர்ந்துவிட்டது. கிட்டே போகும்போது படகின் அடி ஒரு தடவை எதிலோ உரசியது. கம்பை நானும் மாமாவும் சேர்ந்து பிடுங்கினோம். இரண்டு பேர் இழுத்தும் லேசில் வரவில்லை. நட்டபோது அது கழுத்தளவு தண்ணீருக்குள் இருந்த கம்பு. வந்தபோது பெரும்பாகம் சேறும் மணலுமாக இருந்தது.

பாய் கட்டுக் கட்டிய கழியை என்னிடம் கொடுத்தார். இறக்கினேன். தரை தட்டியது. எடுத்து வேறு இடத்தில் இறக்கினேன். அங்கேயும் தட்டியது. மாமா கழியை வாங்கி அவரே ஓடைத் திருப்பத்தில் இறக்கினார். அழுத்தினார். தட்டியது.

"எவ்ளோண்ணா?" என்று கரையில் இருந்து கலா கத்தினாள்.

மாமா கழியை எடுத்துப் படகில் குறுக்கே வைத்தார். நனைந்த கட்டுகளை விரலால் தொட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். அப்புறம் நான் எண்ணினேன்.

இரண்டு.